ஒரே ஓர் எண்ணை எழுத என்ன கஞ்சத்தனம்?

3, 7, 15, அடுத்தது என்ன?

பயிற்சிக்காகப் போட்டுப் பார்த்த ஒரு வினாத்தாளில் வந்த கேள்வி. கொடுத்த நான்கு விடைகளில் 27-உம் இருந்தது, 31-உம் இருந்தது. நான் 27 என்று எழுதினேன். வித்தியாசம் 4, 8, அப்புறம் 12; ஆக 27. விடைக்குறிப்பில் 31. இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டுமாம். சரி, அதுவும் பொருந்துகிறது. என்னுடையது எந்த இடத்தில் பொருந்தாமல் போனது? அதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது.

15-க்குப் பிறகு 31 என்று இன்னோர் எண்ணையும் எழுதி, அதற்கு அடுத்ததைக் கேட்டிருந்தால் என் விதி அங்கேயே உடைந்திருக்கும். நானே அதை அடித்துவிட்டு வேறு விதியைத் தேடியிருப்பேன். ஒரே ஓர் எண்! அதைச் சேர்க்க இவர்களுக்கு ஏன் மனம் வரவில்லை?

புதிர் போடுகிறவர் விதியைக் கையில் வைத்துக்கொண்டு எண்களை எழுதுகிறார். அவருக்கு ஒரே பாதைதான் தெரியும். தீர்க்கிறவர் எண்களிலிருந்து விதிக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பக்கம் பாதைகள் ஏகப்பட்டவை. 1, 2, 4, 8, 16 என்று கொடுத்தால் எல்லோரும் 32 என்போம். ஆனால் ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, அவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்து, வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 31. அடுத்து 57. 496-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களை வரிசையாக எழுதினாலும் 1, 2, 4, 8, 16, 31 என்றுதான் வரும். ஆனால் அதற்கடுத்தது 62. ஐந்து எண்கள் ஒத்துப்போகின்றன, ஆறாவதில் பிரிகின்றன, ஏழாவதில் மறுபடியும் பிரிகின்றன.

ஆறாவது எண்ணாக 50 வேண்டுமா? அதற்கும் ஒரு சூத்திரம் எழுதலாம். முதல் ஐந்து இடங்களிலும் பூஜ்யமாகி, ஆறாவது இடத்தில் 18 ஆகும் ஒரு கோவையை இரட்டிப்பு விதியோடு கூட்டினால் போதும். கணக்குப்படி எந்த எண்ணும் அடுத்து வரலாம். அதனால்தான் பொறுப்பு முழுக்கப் புதிர் போடுகிறவர் தலையில் விழுகிறது. கொடுத்த எண்களுக்குப் பொருந்தும் விதிகளில் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட எளிமையாகத் தனித்துத் தெரிய வேண்டும். அப்படித் தெரிய வைக்க முடியாவிட்டால் அந்தப் புதிரை வெளியே விடாதீர்கள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. "பெருக்கிக் கூட்டு" என்ற விதிக்குள் தொடக்க எண், பெருக்கும் எண், கூட்டும் எண் என்று மூன்று மறைந்திருக்கின்றன. மூன்றை மறைத்துவிட்டு மூன்றையே கொடுத்தால், கண்டுபிடித்ததைச் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. நான்கு கொடுத்தால் ஒரு முறை சரிபார்க்கலாம், ஐந்து கொடுத்தால் இரண்டு முறை. இரண்டு தொடர்களைப் பின்னிக் கொடுக்கிறவர்கள் இதை நினைத்தே பார்ப்பதில்லை. 2, 9, 4, 7, 6, அடுத்தது 5 என்பார்கள். 9, 7 என்ற இரண்டே எண்களை வைத்து என்ன விதியை நிரூபிக்க முடியும்?

இன்னொரு வகை, 1+4=5, 2+5=12, 3+6=21, அப்படியானால் 8+11=? என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. முந்தைய விடையையும் சேர்த்துக் கூட்டினால் 40. இரண்டையும் பெருக்கி முதல் எண்ணைக் கூட்டினால் 96. இரண்டுமே முதல் மூன்று வரிகளுக்கும் அச்சாகப் பொருந்துகின்றன. "மேதைகளுக்கு மட்டும்" என்று வேறு மேலே போட்டுவிடுகிறார்கள். ஒன்றைச் சொன்னவனை இன்னொன்றைச் சொன்னவன் முட்டாள் என்கிறான். புதிரைப் போட்டவர் மட்டும் தப்பித்துப் போகிறார். சமக்குறிக்கு என்று இருந்த அர்த்தமும் போய்விட்டது.

சோதித்துப் பார்க்க வழியே இல்லையா? கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964-இல் சேர்க்கத் தொடங்கிய எண் தொடர்க் களஞ்சியம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் அதில் இருக்கின்றன. உங்கள் எண்களை அதில் போட்டுத் தேட ஒரு நிமிடம்கூட ஆகாது. அதுவும் வேண்டாம் என்றால், விதியைச் சொல்லாமல் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுங்கள். அவர்கள் வேறு விடையோடு வந்தால் இன்னும் இரண்டு எண்களைச் சேருங்கள். கேள்விக்குறியைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வையுங்கள். அதற்குப் பின்னால் வரும் எண்களை வைத்துத் தீர்க்கிறவர் தன் விடையைத் தானே சோதித்துக்கொள்வார்.

27 ஏன் தவறு என்று எழுதிக் கேட்டேன். "எளிமையான விதியை யோசித்திருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. வித்தியாசம் நான்கு நான்காகக் கூடுகிறது. இதைவிட எளிமையாக நான் எதை யோசிக்க?