ஸ்டிக்கரில் ப்ராக்கோலி, வீட்டில் களி

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் 'சத்தான உணவு' சார்ட் செய்து வரச் சொல்கிறார்கள். கடையில் கிடைக்கும் ஸ்டிக்கர் தாளில் ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, ப்ராக்கோலி. எங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு சந்தையில் ப்ராக்கோலியை யார் விற்கிறார்கள்? எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் ராகிக் களியும் கீரைக் கடைசலும்தான். தை மாதம் என்றால் அவரைக்கொட்டைக் குழம்பு. இது எதுவும் சார்ட்டில் ஏறுவதில்லை. அப்புறம் டிபனில் களி வைத்தால் "சிரிப்பாங்கம்மா" என்று பிள்ளை சொல்லத்தான் செய்யும்.

100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் சுமார் 10தான். நம் ஊருக்கு இது சாதாரண விஷயமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம்; காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். கால்சியம் குறைந்த உடம்பை ஃபுளோரைடு இன்னும் மோசமாகப் பாதிக்கும். வைட்டமின் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதில், பள்ளியில் எந்தக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, எதில் போர் தண்ணீர் வருகிறது என்று கூட்டிப்போய்க் காட்டலாம். ஏழு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

"சிப்ஸ் தின்னா சுகர் வரும்" என்று மிரட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பாக்கெட்டை வாங்கிக் கொடுப்பது நாம், பயம் மட்டும் பிள்ளைக்கா? காலையில் டீயும் பன்னும் கொடுத்து அனுப்புகிறவர்களும் நாம்தான். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதை, ஆசிரியர்களே, பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லுங்கள்.

2023 மே மாதம் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் முயற்சியை நீலகிரியோடு தர்மபுரியில்தான் தொடங்கினார்கள். அரசுக்கே தெரிந்திருக்கிறது, இது ராகி தின்கிற ஊர் என்று. காலை உணவுத் திட்டத்திலும் வாரம் 2 நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தில் சமைக்கலாம் என்று அரசாணையிலேயே இருக்கிறது. சரி, அந்த 2 நாளில் ஒரு நாள் சாமை உப்புமா போடச் சொல்லி, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். அன்றைக்குச் சாமைக் கதிர் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவர நம் ஊரில் ஆளா இல்லை? யாராவது கூட வருகிறீர்களா?