ஏழாவது முறையும் வில்தான்

நேற்று இரவு இரண்டரை மணி. திரையில் என் மந்திரவாதி ஒரு பாறைக்குப் பின்னால் குந்தியிருக்கிறாள். கையில் வில், நாணில் அம்பு. சற்றுத் தள்ளி, பாதி இருட்டில், ஒரு கொள்ளைக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். திரையின் ஓரத்தில் நான் ஒட்டிவைத்த மஞ்சள் சீட்டு. அதில் என் கையெழுத்திலேயே இரண்டு சொற்கள்: வில்லைத் தொடாதே.

தொட்டாயிற்று. அம்பும் பறந்தாயிற்று. அவனும் விழுந்தாயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் விசைப்பலகையைத் தூக்கி எறியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், பக்கத்து அறையில் வீடே தூங்கிக்கொண்டிருந்ததுதான்.

ஸ்கைரிம் விளையாடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த விளையாட்டு. பனியும் மலையும் டிராகன்களும் நிறைந்த ஒரு நாட்டுக்குள் உங்களை அவிழ்த்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ, யாராக வேண்டுமானாலும் இரு என்று சொல்லும். யாராக வேண்டுமானாலும்! அந்த வாக்கை நம்பித்தான் ஏழு முறை தொடங்கியிருக்கிறேன். முதல் முறை இரு கைகளாலும் வாளைச் சுழற்றும் நார்ட் வீரன். அடுத்தது பூனை முகக் கஜீத் திருடன். பிறகு சம்மட்டி தூக்கிய ஓர்க். நடுவில் ஒருமுறை, யாரையும் கொல்லாமல் மூலிகை பறித்தே பிழைப்பேன் என்று ஒரு சாது. அந்தச் சாது உட்பட அத்தனை பேரும் பத்துப் பதினைந்து லெவல் தாண்டியதும் பாறைக்குப் பின்னால் குந்தி அம்பு விட்டவர்கள்தான்.

"உனக்கு மன உறுதி இல்லை" என்று நண்பன் சொல்கிறான். இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? அழிவு மந்திரத்தில் தீக்கணைக்கு 25 புள்ளி சேதம். தீக்கோளத்துக்கு 40. அதற்கும் மேலான எரிப்பு மந்திரத்துக்கு 60. நீங்கள் அந்தக் கலையில் நூறாம் படியை எட்டினாலும் இந்த எண்கள் நகராது. செலவாகும் மந்திர சக்திதான் குறையும். லெவல் ஏறும்போது கிடைக்கும் சலுகைப் புள்ளிகளைக் கொட்டினால் பாதிப் பங்கு கூடும், அவ்வளவுதான். வில்லின் கதை வேறு. திறமை வளர வளரச் சேதமும் வளரும். சலுகைகளால் இரண்டு மடங்காகும். கொல்லன் பட்டறையில் கூர் தீட்டலாம், அதன் மேல் மந்திரம் ஏற்றலாம். பதுங்கியிருந்து விட்டால் சேதம் இரண்டு மடங்கு, ஒரு சலுகை எடுத்தால் மூன்று மடங்கு. இதற்கிடையில் எதிரிகளும் நம்மோடு சேர்ந்து லெவல் ஏறிக்கொண்டே வருகிறார்கள். மந்திரவாதி என்ன செய்வாள்? எதிரி வளர்கிறான், வில் வளர்கிறது, தீ மட்டும் அதே அறுபதில் நிற்கிறது. இது என்ன நியாயம்?

அதோடு விட்டதா? பதுங்குவதை இத்தனை எளிதாக்கிய புண்ணியவான் யார்? தோழன் தலையில் அம்பு தைத்துச் சரிந்து கிடக்கிறான். பக்கத்தில் நின்றவன் அரை நிமிடம் அங்குமிங்கும் நடந்துவிட்டு, ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று முனகியபடி பழைய இடத்துக்கே போய் நிற்கிறான். சில சமயம் அந்த அம்பு அவன் தலையிலேயே குத்திக்கொண்டிருக்கும்! இப்படிப்பட்டவனை நேருக்கு நேர் நின்று தீயால் பொசுக்க நான் என்ன பைத்தியமா?

ஏழாவது முறை என்றால் விளையாட்டு தொடங்கும் அந்தக் கைதி வண்டியிலும் ஏழாவது முறை ஏற வேண்டும். கை கட்டப்பட்ட நிலையில், மாட்டு வண்டி வேகத்தில் ஊரும் குதிரை வண்டியில், ஹெல்கனுக்குப் போகும் அந்தப் பயணம். தாண்டிப் போக ஒரு பொத்தான் கிடையாது. உடன் வரும் கைதி ராலோஃப் பேசுவான். குதிரை திருடிய லோகிர் அழுவான். இறங்கியதும் ஓடுவான், அம்பு பட்டுச் சாவான். "ஓடாதே" என்று ஏழு தடவை கத்திவிட்டேன், கேட்டால்தானே? பட்டியலில் என் பெயரே இல்லை என்று ஹாட்வர் என்ற சிப்பாய் சொல்கிறான். பட்டியல் கிடக்கட்டும், வெட்டு மேடைக்கு அனுப்பு என்கிறாள் அவனுடைய படைத் தலைவி. பெயர் இல்லாத ஆளுக்குத் தலை போகும் என்றால் பட்டியலைக் கையில் வைத்திருப்பது எதற்கு?

ப்ளீக் ஃபால்ஸ் கல்லறையின் வளையக் கதவையும் சொல்ல வேண்டும். அதைத் திறக்கும் வரிசை: கரடி, விட்டில், ஆந்தை. வங்கிக் கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மறந்து புதிதாகப் போடுகிறவன் நான். இது மட்டும் கல்லில் எழுதியது போல் நிற்கிறது. மறந்தாலும் கவலையில்லை, விடையை, சாவியாகப் பயன்படும் தங்க நகப் பாதத்தின் உள்ளங்கையிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டுத் தூங்கப்போன முன்னோர்கள்!

சுமை இன்னொரு கொடுமை. தொடக்கத்தில் 300 எடை தூக்கலாம். டிராகனைக் கொன்றால் கிடைக்கும் எலும்பு ஒன்றின் எடை 15, செதில் 10. இரண்டு டிராகன் செத்தால் மூன்றாவதை ஆமை வேகத்தில்தான் சந்திக்க முடியும். சரி, விற்றுத் தொலைக்கலாம் என்று கடைக்குப் போனால், பொதுக் கடைக்காரனிடம் இருப்பது 750 தங்கம், கொல்லனிடம் 1000. அதற்கு மேல் அவர்களுக்கு வக்கில்லை. பணம் மறுபடி சேர அந்த உலகத்தின் 48 மணி நேரம் ஆகும். அதனால் உலகத்தைக் காக்கப் பிறந்த டிராகன் பிறவியான என் நாயகி கடை வாசலில் நின்று நாள் கணக்கில் பொழுதைத் தள்ளுகிறாள். சுமையைப் பகிரத் துணைக்கு லிடியாவைக் கூட்டிப்போனால், அவள் குகையின் குறுகிய வாசலாகப் பார்த்து அதை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். முன்னால் எலும்புக்கூட்டுப் படை, பின்னால் லிடியா. இரண்டில் எது என்னைக் கொன்றது என்று பல நேரம் தெரியவில்லை.

இதையெல்லாம்கூடச் சிரித்துக்கொண்டு கடந்துவிடலாம். டெல்ஃபின் விஷயத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. ரிவர்வுட்டில் விடுதி நடத்திக்கொண்டிருந்தவள். டிராகன் பிறவிக்குச் சேவை செய்வதே எங்கள் குலத்தின் கடமை என்று சொல்லிக்கொண்டு வந்தவள். அந்த டிராகன் பிறவி நான்தான். உலகத்தின் உச்சி மலையில் தனியாக உட்கார்ந்து தவம் செய்கிற பார்தூர்னாக்ஸ் என்ற கிழ டிராகன் ஒரு காலத்தில் கொடுமைகள் செய்தது உண்மை. பிறகு மனம் மாறியதும், மனிதருக்குக் கத்தலையே ஆயுதமாக்கும் குரல் வித்தை கற்றுக்கொடுத்ததும் உண்மைதான். அதைக் கொன்றுவிட்டு வா, இல்லையென்றால் உதவி கிடையாது என்கிறாள் இவள்.

முடியாது என்று அவளிடம் வாதாட ஒரு வழி? இல்லை. நான் சொல்வதைக் கேள், எனக்குத்தான் நீ சேவகி என்று அதட்ட ஒரு வசனம்? இல்லை. கொல்லு, அல்லது அப்படியே விட்டுவிடு. விட்டுவிட்டால் அந்த வேலை குறிப்பேட்டில் முடியாத கடன் போல் கடைசிவரை கிடக்கிறது. இதுவரை ஒருமுறைகூட நான் கொல்லவில்லை. இத்தனை கொள்ளைக்காரர்களை முதுகில் எய்தவனுக்குக் கிழ டிராகன் மேல் இரக்கமா என்று கேட்காதீர்கள். அவர்களில் ஒருவனாவது என்னோடு உட்கார்ந்து தத்துவம் பேசினானா?

ஊர்க்காரர்களின் மறதி வேறு. மந்திரக் கல்லூரிக்கே தலைவியாகிவிட்டேன். (விரல்விட்டு எண்ணக்கூடிய மந்திரங்களோடு அந்தப் பதவிக்கு வந்துவிடலாம் என்பது தனிக் கேவலம்.) ஊரைக் காத்ததற்காக அரசவையில் பட்டமும் வாங்கியாயிற்று. வைட்ரன் சந்தையில் நசீம் என்ற அந்தப் பகட்டுக்காரன் மட்டும், மேட்டுக்குடித் தெருப் பக்கம் நீயெல்லாம் எங்கே வந்திருக்கப் போகிறாய் என்ற தொனியில் ஒவ்வொரு முறையும் கேட்கிறான். அங்கிருந்துதான் ஐயா இறங்கி வருகிறேன்!

இந்தக் குறைகளைத் தீர்க்க வழி இருக்கிறது என்பார்கள். மோட். வண்டிப் பயணத்தைத் தவிர்க்க ஒன்று, டெல்ஃபினுக்கு மறுப்புச் சொல்ல ஒன்று, மந்திரத்துக்கு வலு ஏற்ற ஒன்று என்று ரசிகர்களே எழுதிக் கொடுத்த துணைக் கோப்புகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. எழுதியவர்களுக்கு ஆயிரம் கும்பிடு. ஆனால் ஐந்தாவது முறை நான் விளையாடவே இல்லை. இரண்டு வார இறுதிகள் மோட் அடுக்கினேன். எது முதலில் ஏற வேண்டும், எது எதை மிதிக்கும், எதற்கு எது ஆகாது என்று பந்தி போடுவதுபோல் வரிசை பார்த்தேன். 140 மோட்கள். மூன்றாவது வாரம் புல் மிக அழகாக அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். அந்த ஆட்டத்தில் என் பாத்திரம் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. போதாக்குறைக்கு 2021-இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, அதோடு வந்த மாற்றத்தில் பல மோட்கள் நம்பியிருந்த அடிப்படைக் கருவியே வேலை செய்யாமல் போய், அதைப் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு எரிச்சல் இருந்தால் எதற்கடா திரும்பத் திரும்பப் போகிறாய் என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

ஆறாவது முறையில் பிளாக்ரீச்சில் இறங்கினேன். பூமிக்கடியில் ஒரு நாடே கிடக்கும். ஆள் உயரம் தாண்டிய காளான்கள் நீலமாக ஒளிரும். நடுவே மேலே ஒரு பெரிய உருண்டை, சூரியன் மாதிரி தொங்கும். முந்தைய ஆட்டங்களில் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். இந்த முறை என்னவோ தோன்றி அதை நோக்கிக் குரல் வித்தையால் ஒரு கத்துக் கத்தினேன். உருண்டை மணிபோல் முழங்கியது. எங்கிருந்தோ ஒரு டிராகன் வந்து இறங்கியது. இத்தனை ஆண்டுகள்! இத்தனை ஆண்டுகளாக அது அங்கே என் கத்தலுக்காகக் காத்திருந்திருக்கிறது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

நரியின் கதையும் அப்படித்தான். நரியின் பின்னால் போனால் புதையல் கிடைக்கும் என்று விளையாடுகிறவர்கள் வெகுகாலம் நம்பினார்கள். நானும் மணிக்கணக்கில் நரி துரத்தியவன். 2021-இல், அதை உருவாக்கியவர்களில் ஒருவரே விளக்கம் சொன்னார். பாத்திரங்கள் நடக்கும் தரையை முக்கோணங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். நரி நம்மிடமிருந்து ஓடுவது தூரத்தை அளந்து இல்லை, முக்கோணங்களை எண்ணி. வெட்டவெளியில் முக்கோணங்கள் பெரியவை, குறைவு. முகாம், இடிபாடு, குகை வாசல் போன்ற இடங்களில் சிறியவை, நெருக்கமானவை. ஆகவே பயந்த நரி அங்கேதான் ஓடும். யாரும் திட்டமிட்டு எழுதாத ஒரு வழிகாட்டி. இதைப் படித்த பிறகும் நரியைக் கண்டால் பின்னாலேயே போகிறேன்.

இரவில் அந்தப் பனிமலைக்கு மேலே பச்சை ஒளித்திரை அசையும்போது, கேட்டும் கேட்காத மாதிரி ஓர் இசை வரும்போது, வேலை எதுவும் இல்லாமல் சும்மா நடந்துகொண்டிருப்பேன். வேகப் பயணம் கிடையாது, வரைபடமும் பார்ப்பதில்லை. அப்போது நான் மந்திரவாதியா வில்லாளியா என்ற கேள்வியே எழாது. ஒரு கொள்ளைக்காரன் எதிரே வரும்வரை.

இன்று காலை முதல் வேலையாக ரிவர்வுட் போய், அந்த வில்லை விற்றுவிட்டேன். கூர் தீட்டி மந்திரம் ஏற்றிய வில். கடைக்காரனிடம் இருந்த 750-ஐயும் துடைத்தெடுத்த பிறகும் பாதி விலைதான் வந்தது. பரவாயில்லை, தொலைந்தது சனியன். மஞ்சள் சீட்டைப் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், இந்த முறை சிவப்பு மையில்.

அம்புகள் 340 இருக்கின்றன. அவற்றை விற்கவில்லை. இந்த விளையாட்டில் அம்புக்கு எடை கிடையாது. மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும்.