ராக்கெட் சயின்ஸ் இல்லையாம்!

அலுவலகத்தில் புதுக் கணக்கு மென்பொருள். சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். மூன்றாவது கட்டத்தில் எந்தத் தேதியைப் போடுவது, பில் தேதியா, பணம் வந்த தேதியா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேள்வி. "சிம்பிள் சார், இது ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லையே" என்று சிரித்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்பக்கம் புகையைத் தள்ளினால் ராக்கெட் முன்னால் போகும். அதற்கான விதியை நியூட்டன் 1687-லேயே எழுதி வைத்துவிட்டார். பள்ளியிலேயே படித்தாயிற்று. ராக்கெட் புரிகிறது ஐயா, உங்கள் மூன்றாவது கட்டம்தான் புரியவில்லை!

பக்கத்து நாற்காலிக்காரர் காதைக் கடித்தார். "விடுங்க சார், எனக்கும் எல்லாம் கிரீக் அண்ட் லத்தீன்தான்."

"அது ரெண்டு தனித்தனி மொழி, தெரியுமா?"

"அப்படியா? ஒண்ணும் புரியலைன்னா அப்படித்தானே சார் சொல்லுவாங்க?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் காஸ்கா என்பவன் 'எனக்கு அது கிரேக்கம்' என்றுதான் சொல்கிறான், லத்தீன் அதில் இல்லை. அங்கே சிசரோ நிஜமாகவே கிரேக்கத்தில் பேசினார், காஸ்காவுக்கு விளங்கவில்லை, சொன்னான். நியாயம். நமக்கு என்ன கேடு? கிரேக்கர்களே புரியாத விஷயத்தைச் 'சீன மொழி' என்றுதான் சொல்கிறார்கள்!

நம்மிடம் இல்லாததா? "இது என்ன கம்பசூத்திரமா?", "பெரிய பிரம்ம வித்தையா?" என்று கேட்டுக்கொண்டுதானே இருந்தோம்? 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி' என்னும்போதே ஒரு ஆள் கையை நீட்டித் துழாவிக்கொண்டு நிற்பது தெரிகிறதே! புரியாமையில்கூட நமக்குப் படிகள் உண்டு. பிடிபடவில்லை என்றால் இன்னொரு முறை சொன்னால் பிடித்துக்கொள்வேன். மண்டையில் ஏறவில்லை என்றால் சொல்லியும் பயனில்லை. மண்டை காய்கிறது என்றால் ஆளை விடு. கிரீக் அண்ட் லத்தீனில் எந்தப் படி இருக்கிறது? ('பவுன்சர்' என்பவர்களை மட்டும் மன்னித்துவிடுகிறேன். தலைக்கு மேல் பறக்கும் பந்தையாவது கண்ணால் பார்த்திருக்கிறோம்.)

கம்பசூத்திரமா என்று கேட்பதும் குத்தல்தான், மறுக்கவில்லை. ஆனால் "ஆமாம், எனக்குக் கம்பசூத்திரம்தான், சொல்லித் தொலை" என்று திருப்பிக் கொடுக்க வாய் வரும். ராக்கெட் சயின்ஸ் என்றதும் நாலு பேர் சிரிக்கிறார்கள், கேட்டவன் கூனிக் குறுகிவிடுகிறான். நானும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

பயிற்சி முடிந்து எல்லோரும் கை தட்டினோம். அப்புறம் இன்றுவரை மூன்றாவது கட்டத்தில் ஆளுக்கொரு தேதி போட்டுக்கொண்டிருக்கிறோம்.