தனி டொமைன்களை இணையத்தோடு எங்கே சேர்ப்பது?

பிளாக்செயினில் பதிவாகும் டாட் எத், டாட் கிரிப்டோ மாதிரியான தனி டொமைன்களை, அதாவது தனி இணையப் பெயர்களை, பொது இணையத்தோடு சேர்க்க வேண்டும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சேர்க்கட்டும், எனக்கும் அதில் விருப்பம்தான். ஆனால் ரூட்டில், அதாவது டாட் காம், டாட் இன் போன்றவை எங்கே இருக்கின்றன என்று சொல்லும் உச்சிப் பட்டியலில், கை வைக்கக் கூடாது.

நான் அனுப்பும் லிங்க்கை உலகத்தில் யார் திறந்தாலும் அதே தளம் வருகிறதென்றால், பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித் தரும் ரிசால்வர்கள் எல்லாம் கடைசியில் அந்த ஒரே ரூட்டைக் கேட்பதால்தான். இது ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று 2000லேயே ஆர்எஃப்சி 2826 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அழுத்திச் சொல்லிவிட்டது. அதற்கடுத்த வருஷமே என்ன ஆனது? வேறு சிலர் நடத்திய ஒரு மாற்று ரூட்டில் ஏற்கெனவே டாட் பிஸ் ஓடிக்கொண்டிருக்க, பொது ரூட்டில் எது சேரலாம் என்று முடிவு செய்யும் ஐகான் அமைப்பு தன் ரூட்டிலும் டாட் பிஸ்ஸைக் கொண்டுவந்தது. ஒரே பெயருக்கு இரண்டு சொந்தக்காரர்கள், எந்த ரிசால்வரைக் கேட்கிறீர்களோ அதைப் பொறுத்துப் பதில். இப்படிப் புதிய முடிவுகளைச் சேர்ப்பதற்கான அடுத்த விண்ணப்பச் சுற்றை ஐகான் 2026க்குத் திட்டமிட்டது, அதனால் இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது.

தனிப் பெயர்கள் திறக்க ரிசால்வரை மாற்று, பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் போடு என்கிறார்கள். சரி, நான் போட்டுக்கொள்கிறேன், எனக்கு மெயில் அனுப்புகிறவரின் சர்வர் அந்தப் பெயரை எங்கே போய்த் தேடும்? பிரவுசர்கள் நம்பும் ஹெச்டிடிபிஎஸ் பாதுகாப்புச் சான்றிதழும் கிடைக்காது, இணையத்தின் பொதுப் பெயர் அமைப்பான டிஎன்எஸ்ஸில் இல்லாத பெயர்களில் டார் நெட்வொர்க்கின் டாட் ஆனியனுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. போதாததற்கு, எக்ஸ்டென்ஷன் இல்லாத கணினியில் அந்தப் பெயரைத் தட்டினால் கேள்வி பொது ரூட் சர்வர் வரைக்கும் போய்விடலாம், தனியாக இருக்கட்டும் என்று நினைத்த பெயர் அங்கே பதிவாகிவிடும்.

தனிப் பெயரைப் பொது இணையத்தில் திறந்து காட்டும் இடைத்தளமான கேட்வே இதைவிட எவ்வளவோ மேல். டாட் எத் பெயருக்குப் பின்னால் டாட் லிமோ என்று சேர்த்தால் எந்த பிரவுசரிலும் திறக்கும், சான்றிதழும் சரியாக இருக்கும். ஆனால் அந்தக் கேட்வேயை நடத்துகிறவர் நினைத்தால் நிறுத்தலாம், யார் எதைப் பார்க்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளலாம், யாராலும் தடுக்க முடியாத பெயர் என்று விற்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

எனக்கு நேர்மையாகப் படுவது எதிர்த்திசை வழி. பொது டிஎன்எஸ்ஸில் ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான டொமைனை, டிஎன்எஸ் பதிவுகள் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்தை வைத்து நிரூபித்து, டாட் எத் பெயர்களுக்கான அமைப்பான இஎன்எஸ்ஸுக்குள் கொண்டுபோகலாம். இரண்டு பக்கமும் அதே பெயர், அதே சொந்தக்காரர், மோதலே கிடையாது. முழுக்கத் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்றால் 2023ல் ஆர்எஃப்சி 9476 டாட் ஆல்ட்டை அதற்கென்றே ஒதுக்கிவிட்டது, அது பொது ரூட்டுக்குள் வரவே வராது.

இது எதுவும் வேண்டாம், எனக்குப் பிடித்த எழுத்துகளைத்தான் விற்பேன் என்றால் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சாதாரண பிரவுசரில் திறக்காது, மெயில் வராது, நாளைக்கு ஐகான் இதே பெயரை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்ற மூன்றையும் பணம் கட்டும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.