பணம் இருக்கும் இடம் தெரிந்தும் 17 வருடங்கள்

நாட்டுப் பணத்தைக் கொள்ளையடித்த சர்வாதிகார ஜனாதிபதி மார்க்கோஸ் பிலிப்பைன்ஸை விட்டு ஓடியது 1986 பெப்ரவரி 25. ஒரு மாதம் ஆவதற்குள், மார்ச் 24இல், சுவிஸ் அரசு அந்தக் குடும்பத்தின் கணக்குகளை முடக்கியது. புருஷனும் பெண்சாதியும் ‘வில்லியம் சாண்டர்ஸ்’, ‘ஜேன் ரயன்’ என்ற பொய்ப் பெயர்களில் 1968இலேயே அங்கே கணக்குத் திறந்தவர்கள். பணம் எங்கே என்று தெரியும், அது இனி அசையவும் முடியாது. அப்படியிருந்தும் அந்த 65.8 கோடி டொலர் அரசுக்குரியது என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2003 ஜூலையில்!

அந்தக் குடும்பம் விடாமல் வழக்காடியது உண்மைதான். ஆனால் இப்படிப்பட்ட வழக்கு இரண்டு நாட்டுச் சட்டங்களுக்குள் நடக்கிறது; வழக்குத் தொடுநருக்குத் தெரிந்ததோ ஒன்றுதான். சுவிஸிடம் உதவி கேட்கும் கோரிக்கை ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றில் ஒன்றில் போக வேண்டும். இங்கே குற்றமானது அங்கேயும் குற்றமாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, இந்தக் கணக்கில் கிடக்கும் பணம் இந்தக் குற்றத்தால்தான் வந்தது என்று காட்டுவது. ‘இவர் கொள்ளையடித்தார், நாடே அறியும்’ என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அங்கே எடுபடாது. எந்தத் திகதி, எந்தக் கம்பனி, யார் கையெழுத்து என்றுதான் கேட்பார்கள்.

இரண்டு நாள் பட்டறையில் இது பிடிபடாது. வழக்குத் தொடுநர் சுவிஸிலோ லண்டனிலோ, கோரிக்கைகள் வந்து சேரும் அலுவலகத்திலேயே ஆறு மாதம் இருந்து வேலை செய்ய வேண்டும். எந்தக் கோப்பு நகர்கிறது, எது ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது என்று கண்ணால் காண வேண்டும். கோரிக்கையை அனுப்புமுன் ‘இது போதுமா?’ என்று தொலைபேசியில் கேட்க அங்கே தெரிந்த ஒருவர் இருப்பதே பாதி வெற்றி.

இதை இப்போது எழுதக் காரணம், 2025 ஏப்ரலில் நமது இலங்கைப் பாராளுமன்றம் குற்றத்தால் வந்த சொத்துகளை மீட்கும் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. குற்றத்தீர்ப்பு இல்லாமலேயே பறிமுதல் செய்யவும் அதில் வழியுண்டு. நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் பணம் கடல் கடந்துவிட்டால் அதைத் துரத்தப் போவது யார்?

பிலிப்பைன்ஸில் அந்தப் பணத்திலிருந்துதான் 1000 கோடி பெசோ, மார்க்கோஸ் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. சட்டம் வந்தது 2013இல். அதற்குள் எத்தனை தாய்மார் கண்ணை மூடியிருப்பார்கள்! காணாமல் போனவரின் படத்தை மடியில் வைத்துக் காத்திருக்கும் தாய்மாரைத் தினமும் பார்க்கும் நமக்கு இது விளங்கும்.

சட்டமா அதிபர் திணைக்களத்திடம் நான் கேட்பது இதுதான்: இந்த ஆறு மாத வேலைக்கு, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவரை அனுப்பாதீர்கள். முப்பது வயது அரச சட்டத்தரணிகள் நாலு பேரை அனுப்புங்கள். திரும்பி வந்ததும் வேறு பிரிவுக்கு மாற்றாமல் ஐந்து வருடமாவது இதே வேலையில் வைத்திருங்கள்.