நடாத மரங்கள்

ஜூன் 17, பாலைவனமாதலைத் தடுக்கும் நாள் வந்தால் போதும். குழி, மரக்கன்று, போட்டோ. அடுத்த கோடையில் அந்தக் கன்று என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நைஜர் நாடுதான் நினைவுக்கு வரும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நைஜரின் வடக்கு சஹாரா பாலைவனம், தெற்கு அதன் விளிம்பிலுள்ள சாஹேல் என்னும் வறண்ட வட்டாரம். கம்பு விளையும் பூமி (நம் கம்மங்கூழுக்கே பூர்வீகம் சாஹேல்தான்). அங்கே மராதி பகுதியில் கன்று நட்டு நட்டு, பெரும்பாலானவை காய்ந்துபோவதைப் பார்த்துச் சலித்தவர் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ. 1983இல் ஒருநாள், மணலில் வண்டி புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைக்க இறங்கினார். பக்கத்திலிருந்த புதரின் இலையை உற்றுப் பார்த்தால், எப்போதோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டை துளிர்த்து நிற்கிறது! வேர் சாகவே இல்லை. வருடாவருடம் துளிர்க்கும், விதைப்புக்கு முன்னால் நிலத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டிவிடுவார்கள்.

நல்ல தண்டுகள் சிலவற்றை விட்டுவிட்டு மீதியைக் கவாத்து செய்தால் போதும். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். மரம் நின்றால் கம்பு எப்படி விளையும் என்று ஊரார் சிரித்தார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அங்கே காவோ என்றொரு மரம் உண்டு, நம் வேலமரத்துக்குச் சொந்தம். மழைக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வறண்ட காலத்தில் தழைக்கும். பயிருக்கு நிழல் தட்டாது, உதிர்ந்த இலை எரு, காய் ஆடுமாடுகளுக்குத் தீனி.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சட்டம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கப்படி அப்போது அங்கே மரம் அரசாங்கச் சொத்து. தன் நிலத்து மரத்தை வெட்டினாலே அபராதம். அப்புறம் எவன் வளர்ப்பான்? முளையிலேயே வெட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அந்தப் பிடி தளர்ந்து, மரம் நமக்குத்தான் என்ற தைரியம் வந்ததும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ய ஆரம்பித்தார்கள். 20 வருடங்களில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர், ஏறக்குறைய 20 கோடி மரங்கள். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த பிறகுதான் வெளியுலகம் அதன் அளவைப் புரிந்துகொண்டது.

2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய பெரும் பசுமைச் சுவரும் முதலில் கண்டத்தின் குறுக்கே மரங்களை வரிசையாக நடும் யோசனைதான். பிறகு அவர்களும் உழவர் நிலத்தின் பக்கம் திரும்பினார்கள். 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பது இலக்கு. இன்னும் வெகுதூரம்.

சரி, அடுத்த ஜூனில் என்னைக் கன்று நடக் கூப்பிடுங்கள், வருகிறேன். வளர்ந்த பிறகு அதன் விறகு யாருக்கு என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.