எடை போட்ட கணக்கு ஒரு ரீலோடில் போகலாமா?

ஏற்காடு மலையில் காப்பிப் பழம் பறிக்கும் சீசனில், எஸ்டேட் மேஸ்திரி சாயங்காலம் எடை போடும் இடத்தில் நின்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே கிலோவைப் போனில் தட்டிக்கொண்டே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கால் வருகிறது, பேசிவிட்டுத் திரும்புகிறார், ரேம் குறைந்த போன் என்பதால் ஆண்ட்ராய்டு அதற்குள் பிரவுசரை மூடிவிட்டது, பக்கம் முதலிலிருந்து லோட் ஆகிறது, அடித்ததெல்லாம் காணோம். மூட்டையோடு நிற்கிற பெண்களுக்கு அது அன்றைய கூலிக் கணக்கு.

சேலத்தில் நம் டெவலப்பர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் "அவர் சேவ் பட்டனை அழுத்தியிருக்கணும்" என்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆப்பின் அப்போதைய டேட்டாவை, அதாவது ஸ்டேட்டைக் கையாள உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளான ரிடக்ஸோ இம்மரோ வைத்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்லவே கூடாது, ஏனென்றால் சேமிக்கும் வேலையில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

2015இல் ரிடக்ஸ் வந்ததிலிருந்து பழைய ஸ்டேட்டைத் தொடாதே, மாற்றம் வந்தால் புதிதாக ஒன்றை உருவாக்கு என்றுதான் எழுதிவருகிறோம். இதன் பலன் ரெண்டரிங் வேகம், அதாவது திரையை வரையும் வேகம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கையில் இருக்கும் ஸ்டேட்டை இனி யாரும் மாற்றப்போவதில்லை என்பதுதான். சேமிப்பில் எழுதக் காத்திருக்கும் நேரத்தில் பாதி மாறிப்போகுமோ என்ற பயம் இல்லை. கடைசியாகச் சேமித்த அதே ரெஃபரன்ஸ்தானா, அதாவது மெமரியில் இருக்கும் அதே ஆப்ஜெக்ட்தானா என்று பார்த்தால் போதும், அதேதான் என்றால் எழுதவே வேண்டாம்.

திரும்பக் கொண்டுவருவதுதான் சிக்கல். சேமிப்பதற்காக ஜேசானாக, அதாவது டேட்டாவை எழுத்தாக எழுதும் வடிவமாக மாற்றினால் தேதியை வைத்திருக்கும் டேட் ஆப்ஜெக்ட் வெறும் எழுத்தாகிவிடும், ஜாவாஸ்கிரிப்டின் சொந்த மேப்பும் செட்டும் காலி ஆப்ஜெக்ட்டாகிவிடும், மதிப்பு இல்லாமல் அன்டிஃபைன்ட் என்று இருந்த கீ காணாமல் போகும். எதுவும் எரர் காட்டாது. மாற்ற முடியாத டேட்டா வகைகளைத் தரும் இம்யூட்டபிள்.ஜேஎஸ் லைப்ரரி என்றால் ஃப்ரம்ஜேஎஸ் ஃபங்ஷனைப் போட்டு அதன் மேப்பும் லிஸ்டும் திரும்ப வாங்கலாம், ரெகார்டும் செட்டும் அப்படி வராது. யாரும் மாற்றாதபடி ஆப்ஜெக்ட்டை ஃப்ரீஸ் செய்திருந்தாலும் அதுவும் ஜேசானில் போகாது, திரும்பி வருவது யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய சாதாரண ஆப்ஜெக்ட். அதனால் ஸ்டேட்டில் சாதாரண ஆப்ஜெக்ட், அர்ரே, எண், எழுத்து மட்டும் வைத்து, தேதியை மில்லிசெகண்டாக வைப்பதே நல்லது என்பது என் கட்சி. பின்னோக்கிப் போவதற்காக வைத்திருக்கும் பழைய ஸ்டேட்களின் வரிசையான அன்டூ ஹிஸ்டரியையும் அப்படியே எழுதாதீர்கள். மெமரியில் பழைய ஸ்டேட்டும் புதியதும் மாறாத பகுதிகளைப் பகிர்ந்துகொள்கின்றன, ஜேசானிலோ ஒவ்வொன்றும் முழு நகல், பிரவுசர் போனிலேயே சேமித்துவைக்கும் லோக்கல்ஸ்டோரேஜுக்குக் கிடைப்பது சுமார் 5 எம்பிதான்.

அப்புறம் வெர்ஷன். இதை விடுவதுதான் ரொம்ப ஆபத்து. நேற்று வரை எடை ஒரு எண்ணாக இருந்தது, இன்றைய ரிலீஸில் அதையே ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட்டீர்கள், போனில் இருப்பதோ பழைய வடிவம், புதிய கோட் அதைப் படித்ததும் திரை வெள்ளையாகிறது. ரீலோட் செய்தாலும் அதே டேட்டாதான் வரும், மலைமேல் இருக்கிறவர் என்ன செய்வார்? சேமிக்கும்போதே ஒரு வெர்ஷன் எண் போடுங்கள், பழையதைப் படிப்படியாகப் புதிய வடிவுக்கு மாற்றும் ஃபங்ஷனை எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் பழைய எழுத்தை அழிக்காமல் வேறு கீயில் ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

எப்போது சேமிப்பது? பக்கம் மூடும்போது வர வேண்டிய பிஃபோர்அன்லோட் ஈவென்ட்டை மொபைலில் நம்ப முடியாது. மாற்றம் வந்த சற்று நேரத்தில் ஒரு முறை, விசிபிலிட்டிசேஞ்ச் ஈவென்ட்டில் பக்கம் மறையும்போது ஒரு முறை எழுதிவிடுங்கள். சிக்னல் கிடைத்ததும் சர்வருக்கும் போய்விட வேண்டும், ஏனென்றால் ஒரு தளத்தை 7 நாள் தொடாமல் பிரவுசரைப் பயன்படுத்தினால் அது எழுதிவைத்ததை சஃபாரி 2020 முதல் அழித்துவிடுகிறது.

முழு ஸ்டேட்டையும் எழுதவும் வேண்டாம். லாகின் டோக்கனை விட்டுவிடுங்கள். லோடிங் ட்ரூ என்ற ஃப்ளாகையும் விடுங்கள், அது சேமிப்பில் போய்த் திரும்பி வந்தால் யாரும் கேட்காத டேட்டாவுக்காக ஸ்பின்னர் சுற்றிக்கொண்டே இருக்கும்.